நினைவு மலர் அச்சுக்குப் போகும் முன்: போதகர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

பிரியமான தம்பி தங்கைகளுக்கு,

‘கர்த்தருக்குள் பிரியமானவர்களே’ என்று தொடங்கினால் பிரசங்கம் வரப்போகிறது என்று கடைசி பெஞ்சைத் தேடிப் போய்விடுவீர்கள். நீங்கள் போதகர் வீட்டில் வளர்ந்தவர்கள். ஓர் ஆயுளுக்குக் கேட்கவேண்டிய பிரசங்கங்களைப் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் கேட்டுத் தீர்த்தவர்கள். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பா காலமாகி, அடக்க ஆராதனை முடிந்து, முதலாம் ஆண்டு நினைவு நெருங்கும்போது நீங்கள் ஒரு மலர் போடுகிறீர்கள். அப்படிப்பட்ட மலர்களுக்குப் பிழை பார்த்துக் கொடுக்கும் வேலை எனக்கு வந்து சேர்கிறது. முதலில் வாழ்த்துச் செய்திகள், அடுத்து ஊழியப் பாதை, பிறகு குடும்பப் படம், கடைசியில் பேரப்பிள்ளைகளின் நாலு வரி. வாசிக்க வாசிக்க எனக்கு ஒரு சங்கடம் வரும். தூத்துக்குடி அப்பாவும் ஈரோட்டு அப்பாவும் ஒரே ஆளாக இருக்கிறார்கள். இருவரும் விடியுமுன் எழுந்து ஜெபித்தார்கள், இருவரும் கண்டிப்பும் கனிவும் உள்ளவர்கள், இருவரும் எதற்கும் கலங்கியதில்லை, எதிலும் தவறியதில்லை. பெயரை மாற்றிப் போட்டாலும் மலர் அப்படியே நிற்கும். நீங்கள் சாப்பாட்டு மேசையில் பார்த்த மனிதர் அதில் எங்கேயும் இல்லை.

எப்படி எழுதலாம் என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு பாப்டிஸ்ட் போதகரைக் காட்டுவது வழக்கம். அவர் பெயர் உங்கள் எல்லாருக்கும் தெரியும், ஆனால் ஆளைத் தெரியாது. மார்ட்டின் லூதர் கிங். நான் சொல்வது மகனை அல்ல, அப்பாவை. அட்லாண்டா நகரத்தில் எபனேசர் பாப்டிஸ்ட் சபையை 1931 முதல் 1975 வரை நடத்தியவர். ஊர் முழுக்க அவரை ‘டாடி கிங்’ என்றுதான் கூப்பிட்டது.

பிறந்தபோது அவர் மைக்கேல் கிங். ஜார்ஜியா மாநிலத்தில் ஸ்டாக்பிரிட்ஜ் என்ற சிற்றூர், 1899 டிசம்பர் 19. அப்பா ஜேம்ஸ், அம்மா டெலியா. வெள்ளைக்காரப் பண்ணையார் நிலத்தை வாரத்துக்கு உழுத குடும்பம். விளைச்சல் முடிந்து கணக்குத் தீர்க்கும் நாளில் அப்பாவோடு போன சிறுவன், பண்ணையார் அப்பாவுக்குச் சேரவேண்டிய காசை மறைப்பதைக் கண்டு வாய்விட்டுச் சொல்லிவிட்டான். பையனை அடக்கி வை, இல்லாவிட்டால் நான் அறைவேன் என்றார் பண்ணையார். பிழைப்புக்கு அவரையே நம்பியிருந்த அப்பா, மகனைத்தான் வாயை மூடச் சொன்னார். அந்த அப்பா குடிப்பார். குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பார். ஒரு நாள் பதின்வயதுப் பையன் குறுக்கே புகுந்து அப்பாவோடு கட்டிப்புரண்டான்.

இதெல்லாம் எங்கிருந்து தெரிகிறது என்கிறீர்களா? அவரே சொன்னது. 1980-ல், எண்பது வயதில், தன் வாழ்க்கைக் கதையைப் புத்தகமாகக் கொண்டுவந்தபோது சொன்னது. பெரிய சபையின் மூத்த போதகர், உலகப் புகழ் பெற்ற மகனின் தகப்பன். அப்பா குடித்ததையும் அடித்ததையும் மறைத்திருந்தால் யாரும் தோண்டியிருக்க மாட்டார்கள். மறைக்கவில்லை. அதனால் அவர் அப்பா சிறுத்தும் போகவில்லை. கடன்காரனாகவே வைக்கப்பட்ட ஒரு மனிதனின் கோபம் வீட்டுக்குள் எப்படி இறங்கியது என்று நமக்குப் புரிகிறது.

பண்ணையை விட்டு அட்லாண்டாவுக்கு வந்தபோது அவர் கையில் பிரசங்கம் செய்யும் அனுமதி இருந்தது, எழுத்து அவ்வளவாக இல்லை. இருபது வயது வாக்கில் பள்ளியில் சேரப் போனார். ஐந்தாம் வகுப்பில் உட்கார வைத்தார்கள். பகலில் கூலி வேலை, மற்ற நேரத்தில் சின்னப் பையன்களின் பாடம். பின்னர் மோர்ஹவுஸ் கல்லூரியில் இறையியல் படிக்கப் போனபோது, உன் படிப்பு போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். கல்லூரித் தலைவர் ஜான் ஹோப்பின் அறைக்கே போய் வாதாடி இடம் வாங்கினார். 1930-ல் பட்டமும் பெற்றார்.

இதற்குள் ஆல்பர்ட்டா வந்துவிட்டார். எபனேசர் சபையின் போதகர் ஏ. டி. வில்லியம்ஸின் ஒரே மகள். படித்தவர், ஆசிரியை. 1926 நவம்பர் 25-ல் கல்யாணம். கல்யாணமான பெண்கள் அந்த ஊர்ப் பள்ளிகளில் ஆசிரியையாக இருக்கக்கூடாது என்று விதி இருந்ததால் அவர் வேலை போனது. ஆபர்ன் அவென்யூவில் மாமனார் வீட்டு மாடியறையில் குடித்தனம். கிறிஸ்டீன், மார்ட்டின், ஆல்ஃப்ரெட் டேனியல் என்று மூன்று பிள்ளைகளும் அதே வீட்டில் பிறந்தவர்கள். வீட்டோடு மாப்பிள்ளை என்று நம் ஊர் கேலி செய்யும். அந்த மாப்பிள்ளைதான் 1931-ல் மாமனார் இறந்ததும் சபையின் போதகரானார்.

பாப்டிஸ்ட் சபைகளின் ஒழுங்கு நம்மில் பலருக்குப் பழக்கமில்லாதது. சி.எஸ்.ஐ.யில் பேராயர் கையெழுத்திட்டால் போதகர் பெட்டி கட்டவேண்டும். பாப்டிஸ்ட் சபையில் பேராயர் என்று ஒருவர் இல்லை. விசுவாசிகள் கூடி ஒருவரை அழைக்கிறார்கள், அவர்கள் காணிக்கையில் அவர் சம்பளம் வாங்குகிறார். அட்லாண்டாவில் இதற்கு ஒரு தனி அர்த்தம் இருந்தது. கருப்பின ஆசிரியரை வெள்ளைக்காரக் கல்வி வாரியம் வேலையை விட்டு எடுக்கலாம், கருப்பினத் தொழிலாளியை முதலாளி துரத்தலாம். கருப்பின பாப்டிஸ்ட் போதகரைச் சபையைத் தவிர யாரும் அசைக்க முடியாது. அந்த மக்களின் உரிமைப் போராட்டத்துக்குப் போதகர்களே முன்னால் நின்றதற்குப் பக்தி மட்டும் காரணமல்ல, இந்தச் சம்பளக் கணக்கும் ஒரு காரணம்.

அந்தச் சுதந்தரத்தை டாடி கிங் வீணாக்கவில்லை. 1930-களிலேயே வாக்குரிமைக்காக நூற்றுக்கணக்கானவர்களை நகர மன்றத்துக்கு ஊர்வலமாக அழைத்துப் போனார். கருப்பின ஆசிரியர்களுக்கு வெள்ளை ஆசிரியர்களுக்கு இணையான சம்பளம் வேண்டும் என்று வழக்குக்கும் கிளர்ச்சிக்கும் துணை நின்றார். கடையில் சின்ன மார்ட்டினுக்குச் செருப்பு வாங்கப் போனபோது, பின் வரிசைக்குப் போனால்தான் கவனிப்பேன் என்றான் கடைக்காரன். செருப்பே வேண்டாம் என்று மகன் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். காரை நிறுத்திய போலீஸ்காரன் ‘பையா’ என்று கூப்பிட்டபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகனைக் காட்டி, பையன் இவன், நான் ஆம்பிளை என்று பதில் சொன்னார். மகன் இவற்றை மறக்காமல் பின்னாளில் எழுதி வைத்தார். ஒரு மலருக்கு இவ்வளவே போதும், நாமெல்லாம் இங்கே நிறுத்திக்கொள்வோம்.

ஆனால் 1939-ல் நடந்ததையும் சொல்லவேண்டும். அடிமைக்காலத்தை அழகாகக் காட்டிய ‘கான் வித் த விண்ட்’ படத்தின் முதல் காட்சி அட்லாண்டாவில் பெரிய திருவிழாவாக நடந்தது. அதையொட்டி வெள்ளையர்களுக்கு மட்டுமான ஒரு நடன விருந்தில் எபனேசர் பாடகர் குழு அடிமை வேடம் போட்டுப் பாடியது. பத்து வயது மார்ட்டினும் அந்த வேடத்தில் இருந்தான். நகரத்தின் மற்ற பாப்டிஸ்ட் போதகர்கள் கொதித்தார்கள், அவர்களுடைய சங்கம் டாடி கிங்கைக் கண்டித்தது. நியாயமான கண்டனம் என்றுதான் நான் நினைக்கிறேன். வீட்டுக்குள்ளும் அவர் எளிதான ஆள் அல்ல. பிள்ளைகளை வாரால் அடித்தவர். மார்ட்டின் அழாமல், சத்தம் போடாமல் அடி வாங்குவானாம், கண்ணில் மட்டும் தண்ணீர் வழியுமாம். அம்மாவை அடித்த அப்பாவை எதிர்த்தவர் தன் பிள்ளைகளை அடித்தார் என்பதை ஒரே பக்கத்தில் எழுதுவது கஷ்டம். எழுதத்தான் வேண்டும்.

இனி நான் உங்களுக்குச் சொல்ல வந்த இடம். எனக்கு டாடி கிங் பெரிய மனிதராகத் தெரிவது அவர் ஜெயித்த இடங்களில் அல்ல, தன் வீட்டுப் பிள்ளைகளிடம் தோற்ற இடங்களில். பெயரில் ‘டாடி’ என்று இருக்கிற மனிதர், சொன்னது நடக்கவேண்டும் என்று பழகியவர், மூன்று முறை வழி விட்டார்.

முதலாவது ஒரு கல்யாணம். மகனுக்கு அட்லாண்டாவிலேயே நல்ல குடும்பத்துப் பெண் பார்க்கலாம் என்று அவர் நினைத்திருக்க, மகன் அலபாமாக் கிராமத்திலிருந்து பாஸ்டனுக்கு இசை படிக்க வந்த கொரட்டாவை விரும்பினான். 1953 ஜூன் 18-ல் பெண் வீட்டில் கல்யாணம், நடத்தி வைத்தவர் டாடி கிங். கணவனுக்குக் கீழ்ப்படிவேன் என்ற சொல் திருமண வாக்குறுதியில் இருக்கக்கூடாது என்றாள் மருமகள். ஆயிரம் தம்பதிகளுக்கு ஒரே வாசகம் சொல்லிப் பழகிய வாய். எடுத்துவிட்டார். எழுபது வருஷத்துக்கு முந்தைய பாப்டிஸ்ட் மாமனார் அவர். நம் சபைகளில் இன்றைக்கு ஒரு மருமகள் அப்படிக் கேட்டுப் பார்க்கட்டும்!

இரண்டாவது 1956 பிப்ரவரி. மான்ட்கமரியில் கருப்பின மக்களின் பேருந்துப் புறக்கணிப்பை மகன் முன்நின்று நடத்திக்கொண்டிருந்தார். ஜனவரி 30 இரவு மகன் வீட்டு முன் குண்டு வெடித்தது. அடுத்த சில வாரங்களில் மகன் உள்படப் பலர் மீது குற்றச்சாட்டுப் பதிவானது. அப்போது அட்லாண்டா வந்திருந்த மகனைத் திரும்பிப் போக விடக்கூடாது என்று அப்பா தீர்மானித்தார். நகரத்தின் பெரியவர்களை வீட்டுக்கு வரவழைத்தார். மோர்ஹவுஸ் கல்லூரித் தலைவர் பெஞ்சமின் மேஸ் அவர்களில் ஒருவர். பெரியவர்கள் நாலு பேர் சொன்னால் பையன் கேட்பான் என்பது எல்லா ஊர் அப்பாக்களின் கணக்கு. மகன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என் ஆட்கள் கைதாகிக்கொண்டிருக்கும்போது நான் இங்கே ஒளிந்திருக்க முடியாது, போயே ஆகவேண்டும் என்றார். அறை அமைதியானது. அப்பா அழுதார். மகன் மேஸைப் பார்க்க, மேஸ் மகன் பக்கம் பேசினார். அதோடு பேச்சு முடிந்தது. மறுநாள் காலை மகன் குடும்பத்தோடு மான்ட்கமரிக்குக் கிளம்பியபோது அப்பாவும் கூடவே போனார்.

தடுக்க ஆள் சேர்த்த மனிதர், தடுக்க முடியாதென்று தெரிந்ததும் ‘உன் இஷ்டம், எப்படியோ போ’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் வண்டியில் ஏறினாரே, அந்தப் பயணத்தை நான் அவருடைய எந்தப் பிரசங்கத்துக்கும் மேலாக வைப்பேன். உங்கள் அப்பாவும் எப்போதாவது அப்படி வண்டி ஏறியிருப்பார். நீங்கள் குருத்துவக் கல்லூரிக்குப் போக மறுத்து வேறு படிப்பு படித்தபோது, வேறு சாதியில், ஏன் வேறு மதத்திலேயே கல்யாணம் என்று சொன்னபோது. மலரில் அதைக் காணோம். குடும்ப மானம் என்று விட்டுவிட்டீர்கள்.

மூன்றாவது அரசியல். 1960 அமெரிக்க அதிபர் தேர்தலில் டாடி கிங் நிக்சன் பக்கம். எதிர்த்து நின்ற கென்னடி கத்தோலிக்கர் என்பது அவருக்கு உறுத்தியது, அதை வெளிப்படையாகவும் சொன்னார். அக்டோபரில் மகன் உணவக மறியலில் கைதாகி, பழைய போக்குவரத்து வழக்கு ஒன்றைச் சாக்காக வைத்து நான்கு மாதக் கடுங்காவலுக்கு ரீட்ஸ்வில் சிறைக்கு அனுப்பப்பட்டார். கர்ப்பமாக இருந்த கொரட்டாவைக் கென்னடி தொலைபேசியில் அழைத்து ஆறுதல் சொன்னார், தம்பி ராபர்ட் நீதிபதியிடம் பேசினார். மகன் வெளியே வந்ததும் டாடி கிங் சபையார் முன்னால் கட்சி மாறினார். என் மருமகளின் கண்ணீரைத் துடைத்தவருக்கே என் ஓட்டு, கத்தோலிக்கராக இருந்தாலும் பரவாயில்லை என்றார். ஒரு பெட்டி நிறைய ஓட்டு தருவதாகவும் அறிவித்தார். மதக் காழ்ப்பை அவர் ஒப்புக்கொண்ட விதத்தைக் கேட்டுக் கென்னடி வியந்து, கிங்கின் அப்பா இப்படியா, சரி, நம் எல்லாருக்கும்தான் அப்பா இருக்கிறார்கள் என்ற பொருளில் சிரித்தாராம்.

பிறகு வந்தவை தோல்வி என்ற சொல்லுக்குள் அடங்காதவை. 1968 ஏப்ரல் 4, மெம்ஃபிஸில் மூத்த மகன் சுட்டுக் கொல்லப்பட்டார். எபனேசரில் அப்பாவோடு இணைப் போதகராக இருந்தவர். அந்த இடத்துக்கு வந்த இளைய மகன் ஆல்ஃப்ரெட் டேனியல் 1969 ஜூலை 21 அன்று வீட்டு நீச்சல்குளத்தில் இறந்து கிடந்தார். 1974 ஜூன் 30, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த ஆல்பர்ட்டாவை 23 வயது இளைஞன் ஒருவன் சபைக்குள்ளேயே சுட்டான். உதவிக்காரர் எட்வர்ட் பாய்கினும் இறந்தார். அவன் குறி வைத்து வந்தது டாடி கிங்கைத்தான். ஆல்பர்ட்டா அருகில் இருந்தார்.

அவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. கிங் குடும்பம் அது வேண்டாம் என்றது, அந்த எதிர்ப்பும் சேர்ந்து 1995-ல் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. மகனைக் கொன்றவன் வெள்ளையன், மனைவியைக் கொன்றவன் கருப்பன், இருவரையும் வெறுக்க எனக்கு நேரமில்லை என்று டாடி கிங் பல மேடைகளில் சொன்னார். மன்னிப்பைப் பற்றி நம் மேடைகளில் மலிவாகப் பேசுகிறார்கள், அதனால் இதை எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் அவர் பேசியது பாடமாக அல்ல. தன் சபைக்குள்ளேயே மனைவியைப் பறிகொடுத்தவர் பேசினார். வெறுப்பு இல்லை என்றாரே ஒழிய, துக்கம் இல்லை என்று ஒருநாளும் சொல்லவில்லை.

ஆல்பர்ட்டாவைப் பற்றி இவ்வளவு நேரம் ஒரு பத்தி எழுதியதோடு நான் நகர்ந்துவிட்டதைக் கவனித்தீர்களா? மலர்களில் பாஸ்டர் அம்மாவுக்கு நடக்கும் அதே கதி. எபனேசர் பாடகர் குழுவைக் கட்டி, 1932 முதல் நாற்பது ஆண்டுபோல் ஆர்கன் வாசித்தவர் அவர். கணவர் தத்தளித்த பாடங்களில் துணை நின்ற படிப்பாளி அவர். அந்தச் சபையை வளர்த்தெடுத்ததே அவருடைய அப்பாதான். வாரிசு என்றால் உண்மையில் அவர்தான், மேடை மட்டும் மாப்பிள்ளைக்குப் போனது. மகள் கிறிஸ்டீன் ஸ்பெல்மன் கல்லூரியில் பல பத்தாண்டுகள் கற்பித்து, பெற்றோரையும் தம்பிகளையும் அடக்கம் செய்துவிட்டு, 2023 வரை வாழ்ந்தார். குடும்பக் கதையைச் சிதறாமல் காத்துச் சொன்னவர் இந்த அக்கா. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு அக்கா இருப்பார். மலர்க் குழுவில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

வாரிசு என்றதும் இன்னொன்று. 1894-ல் வில்லியம்ஸ் வந்த நாள்முதல் 1975 வரை எபனேசர் மேடை ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது. இங்கே தனிச்சபைகளில் அப்பாவுக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரன், அறக்கட்டளைப் பத்திரமும் அதே வீட்டு அலமாரியில் என்று இருப்பதை நியாயப்படுத்த யாராவது இந்தக் குடும்பத்தைக் காட்டக்கூடும். முழுக் கதையையும் சொல்லச் சொல்லுங்கள். டாடி கிங் ஓய்வு பெற்றபோது சபை அழைத்தது குடும்பத்துக்கு வெளியே உள்ள ஜோசப் ராபர்ட்ஸை. அவருக்குப் பின் 2005-ல் வந்தவர் ரஃபேல் வார்னாக், இன்று ஜார்ஜியாவின் செனட்டர். குடும்பம் ஒதுங்கியதால் சபை சாகவில்லை.

நமக்கு நேராகத் தொடர்புள்ள ஒரு செய்தியும் உண்டு. 1959-ல் மகன் இந்தியா வந்தார், சென்னைக்கும் வந்தார். திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் படித்த பள்ளியில் தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் உங்களைப் போன்ற தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தினார். முதலில் சுருக்கென்றது என்றும், யோசித்தபோது ஆம், நான் தீண்டத்தகாதவன்தான் என்று உணர்ந்ததாகவும் அவர் 1965 ஜூலை 4 அன்று பிரசங்கித்தார். எங்கே தெரியுமா? அப்பாவின் எபனேசர் மேடையில். தமிழ்நாட்டில் கல்லறைத் தோட்டத்தையே சாதிச்சுவர் பிரித்த ஊர்கள் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் உங்கள் அப்பா ஊழியம் செய்திருந்தால், அவர் சுவருக்கு எந்தப் பக்கம் நின்றார் என்பதை மலர் சொல்லவேண்டும். எதிர்த்தார் என்றால் பெருமையாக எழுதுங்கள். பேசாமல் இருந்தார் என்றால் அதையும் எழுதுங்கள். அடுத்து வருகிற போதகருக்கு அந்தப் பக்கம்தான் உபயோகப்படும்.

டாடி கிங் 1984 நவம்பர் 11-ல், 84 வயதில் மாரடைப்பால் இறந்தார். சவுத்வியூ கல்லறைத் தோட்டத்தில் ஆல்பர்ட்டாவின் பக்கத்தில் அடக்கம்.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்கள். வாழ்த்துச் செய்திகளைப் பாதியாகக் குறையுங்கள். அம்மாவைப் பற்றி நீளமான கட்டுரை ஒன்று வையுங்கள், அதை அம்மாவோடு வேலை செய்த பெண்களை எழுதச் சொல்லுங்கள். அப்பாவோடு சண்டை போட்ட சபை மூப்பர் உயிரோடு இருந்தால் அவரிடமும் இரண்டு பக்கம் வாங்குங்கள். அப்பா உங்களுக்காக வழிவிட்ட சம்பவத்தை, அது எவ்வளவு சங்கடமானதாக இருந்தாலும், நீங்களே எழுதுங்கள். கையெழுத்துப் படியாக இருந்தாலும் சரி, அனுப்புங்கள், பிழை பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பிழைதிருத்துநர்